நடிகவேள் எம்.ஆர். இராதாவும் பழிக்கப்பட்ட பாத்திரங்களும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என வரையறையும் செய்தார். இவற்றுள் எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளி நகுதலையும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலையும் பிரித்து இருவகையாகக் காட்டினார். பிறரை எள்ளுதல் எவர்க்கும் எளிது. பிறர் எள்ளுமாறு தன்னை நடுவில் நிறுத்திக்கொண்டு, அவ்வெள்ளலில் தானும் கலந்துகொள்ளுதல் அரிது. அவ்வரிய நகையைத் தம் கலையின் உயிராகக் கொண்டு மேடையிலும் திரையிலும் விளங்கியவர் நடிகவேள் எம்.ஆர். இராதா.

நாடகத் தொழிலில் புகுந்தோர் பலரும் தலைவன் வேடத்தையே நாடுவர். நல்லவனாகத் தோன்றி நல்லவன் என்று பெயர் பெறுவதில் நடிகனுக்கு இயல்பான விருப்பம் உண்டு. இராதாவோ வஞ்சகன், கஞ்சன், ஏமாற்றுக்காரன், ஒழுக்கம் கெட்ட செல்வன், நோயுற்று வீதியில் வீழ்ந்தவன் எனப் பிறர் ஒதுக்கிய வேடங்களையே தமக்குரியனவாக்கிக் கொண்டார். அவ்வேடங்களை மக்கள் வெறுக்கவேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. வெறுப்புக்குரியவன் பேச்சையும் மக்கள் காதுகொடுத்துக் கேட்கவேண்டும் என்று விரும்பினார். குறையுடைய மாந்தர் மீது ஒரு நகைச்சுவைக் கலைஞர் கொண்ட இந்த அன்பு எத்தகையது, அது எங்கே உயர்ந்தது, எங்கே தவறியது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டியக்காரன் மரபு

இராதாவின் கலைக்கு வேர் எங்குள்ளது என்று காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளக் கரையைச் சேர்ந்த மாணவர்க்கு அது பிறந்த மண்ணிலேயே கிடைக்கும். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் எனப் புகழப்படும் ஓய்மானாட்டுத் துறைமுகம் இம்மரக்காணமே என அறிஞர் பலர் கருதுவர். உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளும் அப்பாட்டிலேயே இடம்பெறுகின்றன. அன்று தொட்டு இன்றுவரை உப்போடு பிணைந்த இக்கரையை அடுத்த ஊர்களில், பாத்திகளில் உப்பு விளையும் கோடை மாதங்களில்தான் பாரதக் கூத்தும் விடிய விடிய நிகழும்.

அக்கூத்தில் அரசரும் வீரரும் தோன்றுமுன் தோன்றுபவன் கட்டியக்காரன். அரசனின் வருகையை அறிவிப்பவனும் அவனே. அரசன் வந்தபின் நீ யார் என்று அவனையே வினவி ஏளனம் செய்பவனும் அவனே. பொய் சொல்வான், அஞ்சி ஓடுவான், உணவுக்கும் காசுக்கும் ஆசைப்படுவான். அவனை யாரும் வணங்குவதில்லை. ஆயினும் அவன் இல்லாமல் கூத்து ஓர் அடியும் நகராது. மன்னன் முன்னிலையில் ஊரார் கேட்க அஞ்சும் கேள்வியை, மதிப்பற்றவன் என்னும் ஒரே உரிமையால் அவன் கேட்டுவிடுகிறான். உணவில் உப்புப் போல நாடகத்தில் அவன் நிற்கிறான். தனியே உண்ணத் தகாதது உப்பு. அது இல்லாவிடினோ விருந்து விருந்தாகாது.

இத்தகைய மாந்தரைப் பிற நாட்டு இலக்கியங்களும் விரும்பியே படைத்துள்ளன. பஸ்ரா நகரத்துப் புலவர் அல் ஹரீரி (1054 - 1122) இயற்றிய மகாமாத் என்னும் அரபு நூல் அரபி மதரசாக்களில் இன்றும் பாடமாகப் பயிலப்படுவது. அதன் 50 பகுதிகளிலும் வரும் அபூ ஸைத் என்பவன் ஊர் ஊராகச் சென்று வேடமிட்டுப் பொருள் பறிக்கும் எத்தன். அவனுடைய சொல்வன்மையில் மயங்கி மக்கள் பொருளை இழப்பர். ஏமாற்று வெளிப்பட்ட பின்னும் அவன் மொழியின் இனிமையை மறக்க இயலாது நிற்பர். அந்நூலின் இறுதிப் பகுதியில் அவன் மனந்திருந்தி வழிபாட்டில் ஆழ்கிறான். அரபு மொழியின் நயங்களையெல்லாம் ஒரு சான்றோன் வாயில் வைக்காமல் ஓர் எத்தன் வாயில் வைத்தாரே அப்புலவர், அதன் காரணம் எண்ணத்தக்கது. குறையுடையவன் பேசும்போது கேட்போர் விழிப்போடு கேட்கின்றனர். அவன் சொல்லில் எது பொய், எது மெய் எனத் தாமே பிரித்தறிய முற்படுகின்றனர்.

கட்டியக்காரனுக்கும் அபூ ஸைதுக்கும் உறவினன் என்று சொல்லத்தக்க ஒரு பாத்திரத்தைத்தான் இராதா இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் மேடைக்குத் தந்தார்.

இளமையும் மேடையும்

மதராஸ் இராஜகோபால் இராதாகிருஷ்ணன் என்பதன் சுருக்கமே எம்.ஆர். இராதா என்னும் பெயர். 1907இல் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், பள்ளிப் படிப்பில் நிலைக்காமல் வீட்டை விட்டு வெளியேறி நாடகக் குழுவில் சேர்ந்தார். சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் வசனமும் பயிற்றுவித்து ஊர் ஊராக நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளின் காலம் அது. நடிப்போடு மின்விளக்கு அமைத்தல், மோட்டார் பழுதுபார்த்தல் போன்ற கைத்தொழில்களையும் அவர் அங்கேயே கற்றார். ஏட்டுக் கல்வி குறைந்தவராயினும் மக்களின் பேச்சையும் நடையையும் உற்றுநோக்கிக் கற்ற கல்வி அவரிடம் நிறைந்திருந்தது.

1937இல் இராஜசேகரன் என்னும் படத்தின் வாயிலாகத் திரையுலகில் புகுந்தார். சில படங்களுக்குப் பின், 1940களின் தொடக்கத்தில் திரையை விட்டு மேடைக்கே மீண்டார். இழந்த காதல் நாடகத்தில் அவர் ஏற்ற வஞ்சகன் வேடம் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. நாடகத்தின் தலைவனைக் காண வந்தவர்கள் வஞ்சகனைப் பற்றிப் பேசிக்கொண்டு வீடு திரும்பினர் என்றால் அவர் ஆற்றல் விளங்கும். பெரியாரின் சுயமரியாதைக் கொள்கைகளில் ஈடுபட்டு, அவற்றைப் பரப்பும் கருவியாகத் தம் நாடகங்களை ஆக்கினார். மு. கருணாநிதி எழுதிய தூக்குமேடை நாடகத்தை நடத்திய இராதாவே அவருக்குக் கலைஞர் என்னும் அடைமொழியை வழங்கினார் என்பது தமிழ் நாடக வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி.

அவருடைய குரல் தனித்தன்மை வாய்ந்தது. ஒரே தொடரின் முற்பகுதியைக் கனத்த அடிக்குரலில் தொடங்கிப் பிற்பகுதியை மெலிந்த இழுப்புக் குரலில் முடிப்பார். அதிகாரமும் கெஞ்சலும் ஒரு மூச்சில் அடுத்தடுத்து ஒலிக்கும். வெளியே உறுமுகிறவன் உள்ளே அஞ்சுகிறான் என்பதை அக்குரலே உணர்த்திவிடும். தீயவனை அரக்கனாகக் காட்டுவது எளிது. தீயவனுக்குள்ளும் ஓர் அற்ப மனிதன் நடுங்கிக்கொண்டிருப்பதைக் காட்டுவதற்கே இத்தகைய குரல் வேண்டும்.

இரத்தக் கண்ணீர்

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இரத்தக் கண்ணீர் நாடகமே இராதாவின் பெயரை நிலைநிறுத்தியது. ஆயிரக்கணக்கான முறை மேடையேறிய அந்நாடகம் 1954இல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது. அயல்நாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம் என்னும் செல்வன் தாயை மதியாதவன். மணந்த மனைவி சந்திராவைப் புறக்கணிப்பவன். காந்தா என்பவள்பால் மயங்கிச் செல்வமனைத்தையும் இழப்பவன். பின்னர்த் தொழுநோயும் குருடும் வறுமையும் சூழ, பிச்சை ஏற்று வாழ்கிறான். இறுதியில் தன் நண்பன் பாலுவுக்குத் தன் மனைவியையே மணமுடித்து வைத்து, தன் வாழ்வு பிறர்க்கு எச்சரிக்கையாகட்டும் என வேண்டி முடிகிறான்.

கதையைச் சுருக்கிச் சொன்னால் அறவுரை போலத் தோன்றும். இராதாவின் நடிப்பில் அது வேறொன்றாயிற்று. செல்வச் செருக்கோடு திரிந்த முற்பகுதியில் மோகனசுந்தரம் பிறரை எள்ளுகிறான்; அப்போது அவையோர் அவனை வெறுக்கின்றனர். யாவும் இழந்த பிற்பகுதியில் அவன் தன்னையே எள்ளுகிறான். தன் உடலையும் தன் பழைய பெருமையையும் தன்னைக் கண்டு ஒதுங்கும் சமுதாயத்தையும் ஒருசேர நகையாடுகிறான். அப்போது அவையோர் அவனோடு சேர்ந்து நகைக்கின்றனர், நகைத்தவாறே கண்கலங்குகின்றனர். பேராசிரியர் பிரித்துக் காட்டிய எள்ளலின் இரு கூறுகளும் ஒரே பாத்திரத்தில் முன்னும் பின்னுமாக அமைந்திருப்பதை இலக்கிய மாணவர் இங்கே காணலாம்.

அவன் செய்தது தவறில்லை என்று இராதா ஓரிடத்தும் வாதாடவில்லை என்பது குறிக்கத்தக்கது. குற்றத்தை மறைக்காமலே குற்றவாளியின் மனிதத் தன்மையை அவர் காத்தார். அவர் அப்பாத்திரத்தின்பால் கொண்ட அன்பு இவ்வகையினது.

எனினும் ஒரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்நாடகம் தொழுநோயை ஒழுக்கக் கேட்டின் தண்டனையாகக் காட்டியது. அந்நோய் ஒரு நுண்ணுயிரியால் வருவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்தார். அப்படம் வெளிவந்த நாளில் சல்போன் வகை மருந்துகளும் பயன்பாட்டுக்கு வந்திருந்தன. மரக்காணத்திற்கு வடக்கே செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் நடுவணரசின் தொழுநோய் ஆய்வு நிறுவனம் இயங்கி வருகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இன்று இந்நோய் முற்றும் குணமாகிறது. ஆயினும் நோயைப் பாவத்தோடு பிணைக்கும் எண்ணம் எளிதில் மறையவில்லை. இஸ்லாமியத் திருமண முறிவுச் சட்டம், இந்துத் திருமணச் சட்டம் முதலியவற்றில் மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோய் இருந்ததை நீக்குவதற்கே 2019 வரை ஆயிற்று. பழிக்கப்பட்டோரிடம் அன்பு காட்டிய ஒரு கலைப்படைப்பே, நோயால் பழிக்கப்பட்ட வேறு பலரின் சுமையைத் தன்னை அறியாமல் கூட்டியது. படத்தைப் போற்றுவோர் இதனையும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

திரையில் எத்தர்கள்

இரத்தக் கண்ணீருக்குப் பின் இராதா மீண்டும் திரைப்படங்களில் நிலைபெற்றார். 1961இல் வெளிவந்த பாவமன்னிப்பு நம் கல்லூரிப் பெரியோர் பலரும் நினைவில் வைத்திருக்கும் படம். இந்துக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாமியப் பெரியவரால் வளர்க்கப்படும் ரஹீம் என்னும் இளைஞனாகச் சிவாஜி கணேசன் நடித்த அப்படத்தில், அவன் முகத்தைத் திராவகத்தால் சிதைக்கும் கொடியவன் ஆளவந்தாராக இராதா தோன்றினார். சமய நல்லிணக்கம் என்னும் உயர்ந்த கருத்தைத் தாங்கிய அக்கதைக்கு அவருடைய பாத்திரம் இருள்போல் பின்னின்று ஒளியைக் காட்டியது.

அடுத்த ஆண்டில் வந்த பலே பாண்டியா வேறு வகையினது. அதில் சிவாஜி கணேசன் மூன்று வேடங்களிலும் இராதா இரண்டு வேடங்களிலும் நடித்தனர். கபாலி என்னும் எத்தன் தற்கொலைக்குத் துணிந்த ஒருவனைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றியது இரக்கத்தால் அன்று. தன் கையாளைப் போன்ற தோற்றமுடைய அவனைக் கையாளுக்குப் பதிலாகச் சாகவைக்கலாம் என்னும் கணக்கினால். இத்தகைய கொடுமையான சூழ்ச்சியையும் அவையோர் வாய்விட்டுச் சிரிக்குமாறு இராதா நடித்தார். சூழ்ச்சிக்காரன் தன் அறிவை மிகையாக மதிப்பிட்டுக் கொண்டு தன் வலையில் தானே சிக்கும் தருணத்தை அவர் மிக விரும்பினார். அப்படத்திலேயே மற்றொரு வேடமான மாமனாராக, இசை மேதை போல ஜதி சொல்லித் திளைக்கும் காட்சியில் அவர் காட்டிய குழந்தைத்தனமான மகிழ்ச்சியை அறியாத தமிழர் குறைவு. கபாலியும் மாமனாரும் ஒரே உடலில் வாழ்ந்தனர் என்பதே அவர் கலைக்குச் சான்று.

எதிர்ப்பும் சட்டமும்

இராதாவின் வாழ்வில் நம்மனோர்க்கு உடன்பாடற்ற பகுதிகளும் உள. சமய நம்பிக்கைகளையும் புராணங்களையும் அவர் மேடையில் கடுமையாக எள்ளினார். இராமாயணத்தைத் தழுவி அவர் நடத்திய நாடகம் இறைப்பற்றுடைய மக்கள் பலரைப் புண்படுத்தியது. அவருடைய நாடகங்களைக் கருத்திற்கொண்டே சென்னை மாகாண அரசு 1954இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆங்கிலேயர் 1876இல் நாட்டுப்பற்று நாடகங்களை அடக்க இயற்றிய சட்டத்தின் வழியில் வந்தது அது. நாடகம் நடத்துவோர் முன்னதாகவே காவல் துறையிடம் பிரதியைக் காட்டி இசைவு பெறவேண்டிய நிலை ஏற்பட்டது. அதனால் துன்புற்றோர் இராதா மட்டும் அல்லர். பின்னாளில் எளிய நாடகக் குழுவினர் பலரும் அதன் சுமையைத் தாங்கினர். 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் இன்றியமையாத பிரிவுகளைச் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது.

நம்பிக்கையைப் புண்படுத்தும் நகையை நாம் ஏற்கவேண்டியதில்லை. அதற்குச் சொல்லால் மறுமொழி கூறும் வலிமை நமக்கு உண்டு. மேடையை அடைத்துவிட்டால் நமக்கு ஒவ்வாத குரலோடு நமக்கு வேண்டிய குரலும் அடங்கிவிடும் என்பதற்கு அச்சட்டத்தின் ஏறத்தாழ 60 ஆண்டு வரலாறே சான்றாகும்.

1967

இராதாவின் வாழ்வைச் சொல்ல வந்தவர் 1967 ஜனவரி 12 ஆம் நாளைக் கடந்து செல்ல இயலாது. அன்று இராமாவரம் இல்லத்தில் நடிகர் எம்.ஜி. இராமச்சந்திரனை அவர் துப்பாக்கியால் சுட்டார்; தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் உயிர் பிழைத்தனர். கழுத்தில் குண்டு பாய்ந்த எம்.ஜி.ஆரின் குரல் அதன்பின் பழைய நிலைக்கு மீளவில்லை. மருத்துவமனையில் இருந்தவாறே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றதும், தமிழகத்தில் ஆட்சி மாறியதும் அவ்வாண்டின் வரலாறு. செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் இராதாவுக்கு 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பின்னர் உச்சநீதிமன்றம் அதனைக் குறைத்தது. 1971இல் அவர் விடுதலையானார்.

மேடையில் எத்தனை தீயவர்க்கு அவர் உயிர் கொடுத்தாரோ, அத்தனை பேரும் அன்று அவர் மீது சாட்சி சொல்ல வந்ததுபோல் மக்கள் எண்ணினர். படத்தில் கண்ட கொடியவனே நேரிலும் கொடியவன் என்று முடிவு செய்வது எளிதாயிற்று. அவ்வாறு எண்ணுவது கலையையும் வாழ்வையும் ஒன்றாக்கிக் குழப்புவதாகும். அவர் ஏற்ற வேடங்கள் குற்றமல்ல. அவர் செய்த செயல் குற்றம். ஒரு மனிதரின் உயிரைப் பறிக்க எழுந்த கையை எந்தக் கலைப்பெருமையும் மறைக்காது, மறைக்கவும் கூடாது. அதற்குரிய தண்டனையை அவர் சிறையில் அனுபவித்தார்.

விடுதலைக்குப் பின் அவர் மீண்டும் மேடையேறினார். சில படங்களிலும் நடித்தார். தம் வாழ்க்கை நினைவுகளை எழுத்தாளர் விந்தனிடம் கூறி, அவை சிறைச்சாலைச் சிந்தனைகள் என்னும் நூலாக வெளிவரச் செய்தார். அவரைக் காண அவையோர் மீண்டும் வந்தனர். நாடக முடிவில் மோகனசுந்தரத்திற்கு எவ்வகை இடத்தை மக்கள் அளித்தனரோ, ஏறத்தாழ அவ்வகை இடத்தையே அவனைப் படைத்த நடிகருக்கும் அளித்தனர். குற்றத்தை அவர்கள் மறக்கவில்லை. மனிதரைக் கைவிடவும் இல்லை. 1979 செப்டம்பர் 17 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் இராதா மறைந்தார். அந்நாள் அவர் தலைவராக ஏற்ற பெரியாரின் பிறந்தநாளாகவும் அமைந்தது.

நாம் கொள்ளத்தக்கது

ஒரு சமுதாயம் தன் நல்லோரை எவ்வாறு போற்றுகிறது என்பது எளிதில் தெரியும். தன்னுள் தவறியோரை எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அதன் நெஞ்சம் அறியப்படும். தேர்வில் தவறிய மாணவன், பொய் சொல்லிப் பிடிபட்ட சிறுவன், கடன்பட்டுத் தலைமறைவான உறவினன், சிறை சென்று மீண்டவன் ஆகியோர் நம் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். அவர்தம் குற்றத்தை இல்லையென்று சொல்வது அன்பாகாது. அது அவர்க்கு உதவவும் உதவாது. குற்றம் ஒன்றையே அவர்தம் முழுப்பெயராக்கி அழைப்பதும் அறமாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய வழி உண்டு. அவ்வழியிற்றான் இராதா தம் பாத்திரங்களை நடத்திச் சென்றார். சிற்சில இடங்களில் அவரே வழுவினார் என்பது, அவ்வழி எத்துணைக் கடினமானது என்பதையே காட்டுகிறது.

நாடகம் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் ஆண்டு விழாக்களில் தலைவன் வேடத்திற்கே போட்டியிடுவதைக் காண்கிறோம். அவர்களுள் ஒருவரேனும் கட்டியக்காரன் வேடத்தை விரும்பிக் கேட்டுப் பெற்று, அவன் பொய்யையும் அச்சத்தையும் ஆசையையும் மறைக்காமல் நடித்துக் காட்டுவாராயின், உமணர் காலந்தொட்டு உப்பு விளைந்துவரும் இக்கடற்கரையின் கூத்து மரபுக்கும், அம்மரபின் நீட்சியாக நின்ற நடிகவேளுக்கும் அதுவே தக்க நினைவாகும்.